போனவர்களைத் தேடிப் போன பணம்: அயர்லாந்தின் புலம்பெயர்ந்தோர் ஆதரவுத் திட்டம்

அயர்லாந்தின் வெளியுறவுத் துறை, நாட்டை விட்டுப் போன தன் மக்களின் நலனுக்காக ஆண்டுதோறும் ஒரு கோடி யூரோவுக்கு மேல் செலவழிக்கிறது. புலம்பெயர்ந்தோர் ஆதரவுத் திட்டம் என்று அதற்குப் பெயர். 2004-ல் தொடங்கியது. இதுவரை கொடுத்த தொகை 20 கோடி யூரோவைத் தாண்டிவிட்டது. லண்டனில் ஒற்றை அறையில் தனியாக வாழும் முதியவருக்கு மதியச் சாப்பாடு, நியூயார்க்கில் விசா காலாவதியாகி மாட்டிக்கொண்டவருக்குச் சட்ட ஆலோசனை, அயல்நாட்டுச் சிறையில் இருப்பவருக்கும் அவர் குடும்பத்துக்கும் நடுவில் பேச ஓர் ஆள் என்று அந்தப் பணம் பல உருவங்களில் போய்ச் சேர்கிறது.

தனி நாடான 1922-லிருந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்த மக்களுக்கென்று அந்த அரசு பெரிதாக எதையும் ஒதுக்கியதில்லை. அப்புறம் ஏன் மனம் மாறியது, கொடுத்தது உரியவர்களுக்குக் கிடைத்ததா, எங்கே குறை என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது. இந்தத் திட்டத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் தொகையைச் சொல்லி வியக்கிறார்கள். அந்தத் தொகை யார் கையில் கொடுக்கப்பட்டது என்பதில்தான் இதன் பலம் முழுவதும் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

மேஸ்திரியும் மதுக்கடையும்

1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள் என்பது பலருக்கும் தெரிந்த கதை. இந்தத் திட்டத்தைப் புரிந்துகொள்ள அதைவிட 1950-கள்தான் முக்கியம். அந்தப் பத்தாண்டில் மட்டும் சுமார் 4 லட்சம் பேர் வெளியேறினார்கள். 1961-ல் தலை எண்ணியபோது நாட்டில் மிஞ்சியிருந்தவர்கள் 28 லட்சம் பேர்தான். போனவர்களில் பெரும்பாலானோர் பிரிட்டனுக்குப் போனார்கள். டப்ளினுக்குப் பக்கத்திலுள்ள டன் லேரி துறைமுகத்தில் கப்பலேறி, வேல்ஸின் ஹோலிஹெட்டில் இறங்கி, ரயில் பிடித்து லண்டன் யூஸ்டன் நிலையத்துக்கு வந்து சேர்வார்கள். அங்கிருந்து கேம்டன் டவுன் நடக்கிற தூரம்.

பெண்கள் மருத்துவமனைகளில் செவிலியராகவும், விடுதிகளிலும் வீடுகளிலும் வேலைக்காரர்களாகவும் சேர்ந்தார்கள். ஆண்கள் போரில் இடிந்த நகரங்களைக் கட்டவும், சாலை போடவும், குழாய்க்கும் கேபிளுக்கும் குழி வெட்டவும் போனார்கள். கேம்டன் டவுனிலும் கிரிக்கிள்வுட்டிலும் விடிகாலையில் வேன்கள் வந்து நிற்கும். மேஸ்திரி வரிசையாக நிற்கும் ஆட்களைப் பார்த்து, நீ ஏறு, நீ ஏறு என்று பொறுக்கிக்கொள்வார். பொறுக்கப்படாதவருக்கு அன்றைக்குக் கூலி இல்லை. கூலி கைக்குக் காசாக வரும். இல்லாவிட்டால் மதுக்கடையில் மாற்றிக்கொள்ளும்படி காசோலையாக வரும். வங்கிக் கணக்கு இல்லாத ஆளுக்குக் காசோலையை மாற்றித் தருகிற கடைக்காரர், அதில் ஒரு பங்கையாவது அங்கேயே குடித்துத் தீர்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். குடிப்பழக்கம் ஐரிஷ்காரர்களின் ரத்தத்தில் இருக்கிறது என்று பேசுகிறவர்கள், சம்பளம் எந்த மேசையில் எண்ணித் தரப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்தக் கைக்காசு முறைக்குக் கட்டுமானத் தொழிலில் ‘லம்ப்’ என்று பெயர். வரிப் பிடித்தம் கிடையாது, தேசியக் காப்பீட்டுச் சந்தாவும் கிடையாது. சிலர் பெயரை மாற்றிச் சொல்லி வேலை பார்த்தார்கள். இருபது வயதில் அது லாபமாகத் தெரிந்தது. அறுபத்தைந்து வயதில், முதுகு போய், மூச்சு வாங்க, ஓய்வூதியம் கேட்டுப் போனபோது பதிவேட்டில் அந்த ஆளே இல்லை. முப்பது வருடம் மண் வெட்டியதற்கு ஒரு சான்றும் கிடையாது.

இதே ஆட்கள்தான் ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள். மேயோவிலும் கால்வேயிலும் டனிகாலிலும் எத்தனையோ வீடுகளில் அஞ்சல்காரர் கொண்டுவந்த கடித உறையை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. 1961-ல் வெளிநாட்டிலிருந்து வந்த பணம் 1.35 கோடி பவுண்டு என்றும், அந்த ஆண்டு நாட்டின் தொடக்க, இடைநிலைக் கல்விக்கு ஆன மொத்தச் செலவு சுமார் 1.4 கோடி பவுண்டு என்றும் ஒரு கணக்கு பிற்பாடு அயர்லாந்து நாடாளுமன்றத்தில் எடுத்துச் சொல்லப்பட்டது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுப் போன அண்ணன் அனுப்பிய காசில் தம்பி தங்கைகள் படித்தார்கள் என்பது அந்த ஊர்களில் சாதாரணமாகச் சொல்லப்படும் விஷயம். அதனால் இந்தத் திட்டத்தை உதவி என்று அழைப்பதே எனக்கு ஒப்பாது. வட்டி சேர்க்காமல் திருப்பித் தரும் கடன் இது.

அரசு வருவதற்கு முன்

அரசு கைவிட்ட இடத்தில் முதலில் நின்றது கத்தோலிக்கத் திருச்சபை. 1957-ல் ஐரிஷ் ஆயர்கள் பிரிட்டனில் ஒரு தனிப் பணிமனையை ஏற்படுத்தினார்கள். சாலைப் பணி முகாம்களுக்கே பாதிரியார்கள் போய்த் தங்கினார்கள். கேம்டன் சதுக்கத்தில் லண்டன் ஐரிஷ் மையம் 1950-களில் தொடங்கியபோது, அப்போதுதான் ரயிலை விட்டிறங்கிய இளைஞர்களுக்குப் படுக்க இடம் தருவது அதன் முதல் வேலை. அரை நூற்றாண்டு கழித்து அதே இளைஞர்கள் முதியவர்களாக மதியச் சாப்பாட்டுக்கு அங்கே வந்தார்கள். கொஞ்ச தூரத்தில் ஆர்லிங்டன் ஹவுஸ் என்ற பெரிய ஆண்கள் விடுதி இருந்தது. 1905-ல் கட்டப்பட்ட அதில் பல பத்தாண்டுகள் ஐரிஷ் கூலிக்காரர்கள் அடைந்துகிடந்தார்கள்.

1974-ல் ஐ.ஆர்.ஏ என்ற ஐரிஷ் ஆயுதக் குழுவின் மீது பழி விழுந்த பர்மிங்காம் மதுக்கடைக் குண்டுவெடிப்புகளுக்குப் பின் பிரிட்டன் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் பிறகு ஐரிஷ் உச்சரிப்போடு கடையில் நின்று பேசுவதற்கே பலர் தயங்கினார்கள். அரசு அலுவலகத்துக்குப் போய் உரிமையைக் கேட்பது இன்னும் கடினமானது. தலையைக் குனிந்து வாழப் பழகிய ஒரு தலைமுறை இப்படி உருவானது. இவர்களைப் பின்னாளில் எந்த விளம்பரமும் எட்டாமல் போனதற்கு இது பெரிய காரணம்.

1984-ல் டப்ளின் அரசு முதல் அடி எடுத்து வைத்தது. பிரிட்டனில் இயங்கும் ஐரிஷ் நல அமைப்புகளுக்கு மானியம் தர, ‘டீயன்’ என்ற ஆலோசனைக் குழுவைத் தொழிலாளர் துறை அமைத்தது. தொகை சொற்பம். ஆனாலும் அன்று போட்ட வழி இன்றுவரை மாறவில்லை: தனி மனிதர் கையில் பணம் தருவதில்லை, ஏற்கெனவே அவர்களோடு நிற்கும் அமைப்புக்குத் தருவது.

அதற்காக அரசின் மனம் இளகிவிட்டது என்று எண்ண வேண்டாம். 1980-களில் இன்னொரு பெரிய அலை வெளியேறிக்கொண்டிருந்தபோது, 1987-ல் வெளியுறவு அமைச்சர் பிரையன் லெனிஹன் ஓர் அமெரிக்க இதழுக்கு அளித்த பேட்டியில், ஒரு சிறிய தீவில் எல்லோரும் வாழ்ந்துவிட முடியாது என்ற பொருளில் சொன்னார். அந்த வாக்கியத்தை அயர்லாந்து இன்னும் மறக்கவில்லை.

பேச்சின் தொனியை மாற்றியவர் குடியரசுத் தலைவர் மேரி ராபின்சன். தன் மாளிகை ஜன்னலில் புலம்பெயர்ந்தோருக்காக ஒரு விளக்கை எரியவிட்டார். 1995 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் அவர்களைப் பற்றியே உரையாற்றினார். உறுப்பினர்கள் பலருக்கு அது அவ்வளவாக ரசிக்கவில்லை. வட அயர்லாந்து மோதலை முடித்துவைத்த 1998-ன் பெரிய வெள்ளி உடன்படிக்கையோடு அரசியலமைப்பின் இரண்டாம் பிரிவு திருத்தப்பட்டு, வெளிநாட்டில் வாழும் ஐரிஷ் வம்சாவளியினருடனான தனிப்பட்ட உறவை நாடு போற்றுகிறது என்ற வாக்கியம் அதில் ஏறியது. விளக்கும் வாக்கியமும் ஆயின; ஒதுக்கீடு மட்டும் வர வேண்டியிருந்தது.

ஓர் அறிக்கையும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியும்

2001 டிசம்பரில் பேடி ஓஹான்லன் தலைமையில் ஒரு பணிக்குழு அமைக்கப்பட்டது. 2002 ஆகஸ்டில் அது தந்த அறிக்கை தெளிவானது. வெளிநாட்டு ஐரிஷ் மக்களுக்கென்று தனி முகமை வேண்டும். 2005-க்குள் ஆண்டு ஒதுக்கீடு 3.4 கோடி யூரோவாக உயர வேண்டும். அப்போது பிரிட்டன் அமைப்புகளுக்குப் போய்க்கொண்டிருந்தது சுமார் 30 லட்சம் யூரோ. நாடோ செல்வத்தில் மிதந்துகொண்டிருந்தது. ‘கெல்ட்டியப் புலி’ என்று உலகமே பேசிய காலம் அது. அறிக்கை ஓராண்டுக்கு மேல் அலமாரியில் கிடந்தது.

2003 டிசம்பரில் அயர்லாந்தின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஆர்.டி.ஈ தொலைக்காட்சியின் நடப்பு நிகழ்வுகள் நிகழ்ச்சி ஒன்று லண்டனில் வாழும் வயதான ஐரிஷ் ஆண்களைக் காட்டியது. ஈரம் ஊறிய அறைகள், கலைந்த படுக்கை, பேசக்கூட யாருமில்லாத மனிதர்கள். புது வீடும் புதுக் காருமாக இருந்த ஒரு நாடு அதைப் பார்த்தது. நாடாளுமன்றத்தில் கேள்விகள் பறந்தன. 2004-ல் வெளியுறவுத் துறைக்குள் வெளிநாட்டு ஐரிஷ் மக்களுக்கான பிரிவு பிறந்தது, அதோடு இந்தத் திட்டமும். பணிக்குழு கேட்ட தனி முகமை வரவில்லை. தொகை மட்டும் ஏறியது: 2005-ல் 80 லட்சம் யூரோவுக்கு மேல், 2006-ல் 1.2 கோடி, 2008 வாக்கில் 1.5 கோடி. 3.4 கோடி என்ற இலக்கை இன்றுவரை எட்டவில்லை.

பணம் என்ன செய்கிறது

இந்தத் திட்டத்தின் பெரும்பங்கு போவது ஆட்களின் சம்பளத்துக்கு. இதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை.

நல மையத்தில் ஒரு பணியாளரின் வழக்கமான வேலை எப்படி இருக்கும் என்று பார்ப்போம். சாப்பாட்டுக்கு வந்து போகும் ஒரு முதியவர் பல மாதப் பழக்கத்துக்குப் பிறகு ஒரு பையைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். உள்ளே பிரிக்காத கடிதங்கள். பழுப்பு உறை என்றால் அரசாங்கம், அரசாங்கம் என்றால் தொல்லை என்று எடுத்து வைத்தவை. வாடகை பாக்கி, மின்கட்டணம், மருத்துவமனைச் சந்திப்பு, அதுவும் கெடு முடிந்தது. பணியாளர் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேதிவாரியாக அடுக்குவார். பிறகுதான் பெரிய வேலை. பிறப்புச் சான்றிதழுக்கு அயர்லாந்துக்கு எழுத வேண்டும். சான்றிதழில் ஒரு பெயர், வேலை செய்த இடத்தில் இன்னொரு பெயர், வாடகைப் புத்தகத்தில் மூன்றாவது எழுத்துக்கூட்டல் என்றால் மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க வேண்டும். எந்த ஆண்டில் எந்த ஒப்பந்தக்காரரிடம் இருந்தார் என்று நினைவிலிருந்து ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். காப்பீட்டுச் சந்தா போதாது என்று தெரிந்தால் பிரிட்டனின் ஓய்வூதியக் கூடுதல் தொகைக்கும் வாடகை உதவிக்கும் விண்ணப்பிக்க வேண்டும்.

அயர்லாந்திலும் தேட வேண்டும். கப்பலேறுவதற்கு முன் ஊரில் சில வருடம் வேலை பார்த்திருப்பார். 1953-க்கு முன் கட்டிய சந்தாவையும் கணக்கில் எடுக்கும் ஒரு தனி ஓய்வூதிய ஏற்பாட்டை அயர்லாந்து 2000-ல் கொண்டுவந்தது. பிரிட்டனில் இருந்த ஆயிரக்கணக்கான முதியவர்களுக்குத் தாங்கள் அதற்குத் தகுதியானவர்கள் என்றே தெரியாது. படிவத்தை எடுத்துக்கொண்டு தேடிப் போய்ச் சொன்னவர்கள் இந்த மையங்களின் ஆட்கள். ஒரு பணியாளரின் சம்பளம், ஒரே ஆண்டில் பல முதியவர்களுக்கு ஆயுளுக்கும் வரும் வருமானமாக மாறுவது இப்படித்தான். செலவுக் கணக்கில் சம்பளம் என்று ஒரே வரியாக இருப்பதால் இது வெளியே தெரிவதில்லை.

இந்த வேலையைத் தூதரகம் செய்திருக்க முடியாதா? முடியாது என்பதே என் முடிவு. அரசு அலுவலகம் என்றாலே ஒதுங்கும் மனிதரிடம் அந்தப் பையை வாங்க, அவரோடு அதே மேசையில் தேநீர் குடித்து, அவர் ஊர் கால்பந்து அணி ஞாயிற்றுக்கிழமை எப்படி ஆடியது என்று பேசத் தெரிந்த ஆள் வேண்டும். லீட்ஸில் 1996-லிருந்து இயங்கும் ஐரிஷ் சுகாதார, வீட்டு வசதி அமைப்பு, கேம்டன் மையம், மறதி நோய் வந்த ஐரிஷ் முதியவர்களுக்காகப் பயிற்சி நடத்தும் ‘ஐரிஷ் இன் பிரிட்டன்’ கூட்டமைப்பு ஆகியவற்றிடம் அப்படிப்பட்ட ஆட்கள் இருந்தார்கள். அரசிடம் இல்லை. காசை இவர்களிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றது அரசு செய்த நல்ல காரியம்.

திரும்பி வர நினைப்பவர்கள்

மேயோ மாவட்டத்தில் முல்ரேனி என்ற சிற்றூரில் ஜெர்ரி கௌலி என்ற மருத்துவர், 2000-ல் ‘சேஃப் ஹோம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். சொந்த மண்ணில் சாக வேண்டும் என்று நினைக்கும் முதிய புலம்பெயர்ந்தோருக்கு, ஊர்ப்பக்கம் முதியோர் குடியிருப்பில் இடம் தேடித் தருவது அதன் வேலை. அடுத்த ஆண்டு அரசு விதியைத் தளர்த்தி, சில குடியிருப்புத் திட்டங்களில் நான்கில் ஒரு பங்கு வரை இவர்களுக்கு ஒதுக்கலாம் என்றது. பின்னர் ஆதரவுத் திட்டத்தின் மானியமும் இந்த அமைப்புக்குக் கிடைத்தது.

ஆனால் அதே 2004-ல், மே 1 அன்று, இன்னொரு விதி நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து நாடுகள் சேர்ந்த நாள் அது. புதிதாக வருகிறவர்கள் உதவித்தொகைக்காகவே வந்துவிடுவார்களோ என்ற பயத்தில், நாட்டில் வழக்கமாக வசிப்பவர் என்று நிரூபித்தால்தான் பல உதவித்தொகைகள் கிடைக்கும் என்று அயர்லாந்து சட்டம் போட்டது. இந்த வலையில் ஊர் திரும்பிய ஐரிஷ்காரர்களும் சிக்கினார்கள். நாற்பது வருடம் வெளியே இருந்தவர் எதை வைத்து நிரூபிப்பார்? நிரந்தரமாகத் திரும்பியவர்களைத் தடுக்கக் கூடாது என்று வழிகாட்டுதல்கள் இருந்தும், விண்ணப்பங்கள் மறுக்கப்படுவதும் மேல்முறையீட்டுக்கு அலைவதும் நடந்தன. ஒரு துறை காசு கொடுத்து வரவேற்க, இன்னொரு துறை வாசலில் நிறுத்தி ஆவணம் கேட்டது. இதைச் சமாளிக்க டப்ளினின் ‘கிராஸ்கேர்’ போன்ற அமைப்புகள் ஆலோசனை தருகின்றன. அதற்கும் வெளியுறவுத் துறையின் மானியம்தான். தன் சட்டத்தைத் தாண்ட வழி சொல்லித் தருவதற்குத் தானே சம்பளம் தரும் இந்த நிலை நியாயமில்லை. சட்டத்தையே திருத்தியிருக்க வேண்டும்.

அட்லாண்டிக்குக்கு அப்பால்

அமெரிக்காவில் தேவை வேறு. 1980-களில் சுற்றுலா விசாவில் போய் அப்படியே தங்கிவிட்டவர்கள் பல்லாயிரம் பேர். 1990-ன் குடியேற்றச் சட்டத்தில் வந்த மாரிசன் விசாக்களில் 48,000 ஐரிஷ்காரர்களுக்கென்று ஒதுக்கப்பட்டன. கிடைத்தவர்கள் பிழைத்தார்கள். கிடைக்காதவர்களின் கதவை 1996-ன் சட்டம் சாத்தியது: ஓராண்டுக்கு மேல் அனுமதியின்றித் தங்கி வெளியேறினால் பத்தாண்டு திரும்ப முடியாது. தாய் இறந்த செய்தி வந்தாலும் விமானம் ஏற முடியாது. ஏறினால் அங்கே பிறந்த பிள்ளைகளிடம் திரும்ப வழியில்லை. நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் உட்சைடில் 1988-ல் தொடங்கிய எமரால்ட் ஐல் குடியேற்ற மையமும், யாங்கர்ஸின் ஆஷ்லிங் மையமும், பாஸ்டனின் அமைப்புகளும் இந்தக் குடும்பங்களுக்குச் சட்ட ஆலோசனையும் மன ஆறுதலும் தருகின்றன. 2008 நெருக்கடிக்குப் பின் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போன இளைஞர்களுக்காக அங்கேயும் மையங்கள் வளர்ந்தன. இவற்றுக்கெல்லாம் மானியம் உண்டு என்றாலும், பெரிய பங்கு இன்னும் பிரிட்டனுக்கே போகிறது.

நெருக்கடியும் ஓட்டின்மையும்

2008-ல் வங்கிகள் சரிந்தன. 2010-ல் அயர்லாந்து பன்னாட்டு நிதியத்திடமும் ஐரோப்பாவிடமும் கைநீட்டியது. சம்பளம், ஓய்வூதியம், மருத்துவம் எல்லாவற்றிலும் வெட்டு விழுந்தது. ஆதரவுத் திட்டமும் 1.5 கோடியிலிருந்து சுமார் 1.16 கோடி யூரோவுக்கு இறங்கி, பல ஆண்டுகள் அங்கேயே நின்றது. மோசமான காலத்திலும் அதை ஒழிக்காமல், முதியவர்களுக்கும் நலிந்தவர்களுக்கும் நேரடியாக உதவும் அமைப்புகளை முதலில் காப்பாற்றியது பாராட்டத் தக்கது. ஆனால் வாடகையும் விலைவாசியும் ஏறும்போது மாறாமல் நிற்கும் மானியம் ஒவ்வோர் ஆண்டும் சுருங்கும் மானியம்தான்.

வெட்டு எளிதாக விழுந்ததற்கு ஒரு காரணம், இந்த மக்களுக்கு ஓட்டு இல்லை. வெளிநாட்டுக்குக் குடிபோன அயர்லாந்துக் குடிமகன் நாடாளுமன்றத் தேர்தலில் அங்கிருந்து வாக்களிக்க முடியாது. குடியரசுத் தலைவர் தேர்தலிலாவது உரிமை தரலாம் என்று 2013-ல் அரசியலமைப்பு மாநாடு பரிந்துரைத்தது. 2019-ல் நடப்பதாக இருந்த பொது வாக்கெடுப்பு தள்ளிப்போனது, தள்ளிப்போனபடியே இருக்கிறது. 2014-ல் புலம்பெயர்ந்தோருக்கென்று ஓர் அமைச்சரும், 2015-ல் முதல் முழுக் கொள்கையும், 2020-ல் அடுத்த ஐந்தாண்டுத் திட்டமும் வந்தன. அந்தக் கொள்கைகளில் வணிக வலையமைப்பு, பாரம்பரியம், விளையாட்டு எல்லாம் சேர்ந்தன. தவறில்லை. ஆனால் பங்கு கேட்கும் கைகள் கூடும்போது, குரல் உயர்த்தத் தெரியாத முதியவரின் பங்கு குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2020-ல் கொரோனா வந்தபோது மையங்களின் சாப்பாட்டுக் கூடங்கள் மூடப்பட்டன. தனி நிதி ஒன்று ஒதுக்கப்பட்டது. சமைத்த உணவு வீட்டு வாசலுக்குப் போனது, தினமும் தொலைபேசியில் நலம் விசாரித்தார்கள், கணினியைத் தொட்டறியாதவர்களுக்குக் கைக்கணினி கொடுத்துச் சொல்லித் தந்தார்கள். ஒரு வாரத்துக்குள் யார் எந்தத் தெருவில் தனியாக இருக்கிறார் என்று சொல்ல அவர்களிடம் பட்டியல் இருந்தது. பல ஆண்டு மானியத்தில் சேர்ந்த சொத்து அந்தப் பட்டியல்.

இப்போது இன்னொரு வேலை வந்து சேர்ந்திருக்கிறது. மணமாகாமல் கருவுற்ற பெண்களை அடைத்து வைத்த தாய் சேய் இல்லங்களில் இருந்தவர்களுக்கு இழப்பீடு தரும் திட்டம் 2024 மார்ச்சில் திறந்தது. அந்த அவமானத்தை விட்டு ஓடிப்போய் இங்கிலாந்தில் வாழும் பெண்கள் ஏராளம். பிரிட்டனில் வருமானம் பார்த்துத் தரும் உதவித்தொகை வாங்குகிறவர்கள் இழப்பீட்டை ஏற்றால் அந்தத் தொகை நின்றுபோகக்கூடும் என்பதால் பலர் விண்ணப்பிக்கவே அஞ்சினார்கள். அதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று லண்டனில் பிரசாரம் நடந்தது. எண்பது வயதுப் பெண் ஒருத்தி, கணவரிடம்கூடச் சொல்லாததை முதல் முறையாகச் சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்புவது இதே மையங்களின் பணியாளர்கள்தான். மானியங்கள் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் என்பதால், அந்தப் பணியாளரின் சம்பளத்துக்கு மையம் அடுத்த ஆண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.